ரீச்சரின் பத்தியம்

எங்கள் விஞ்ஞான ரீச்சர் வெண்டிக்காய் சாப்பிடுவதை விட்ட அன்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். மத்தியானம், ஆசிரியர் அறையில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவர் சோற்றின் மேல் கிடந்த வெண்டிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் வைத்தார். என்ன என்று கேட்டேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வெண்டிக்காய் கொழகொழவென்று குடலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னாளாம். அவள் தன் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தவள். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவர் சமைத்த கறியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து இங்கே வைத்து ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்.

அவள் எந்தப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தவள் என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊருக்கே தெரியும். அவர் கோபிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் கண்டதே இல்லை.

"விட்டுப் பார்ப்பமே ரீச்சர். விடுறதால என்ன குறையப்போகுது" என்றார்.

குறைந்துகொண்டு வந்தது அவர்தான். ஒவ்வொரு தவணை விடுமுறைக்குப் பிறகும் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொண்டு வருவார். வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறிப் போகும். கரும்பலகையில் எழுதும்போது அவை கீழே சறுக்கி ஓசை கேட்கும். பக்கத்து வகுப்பில் நிற்கிற எனக்கு அந்த ஓசையைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வரும். அவர் மேல் எனக்கு இருந்த அன்பு பாதி நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வந்தது.

அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் கணிதம். பள்ளிக்கூடம் உன்னிச்சைப் பக்கம், வயல் வட்டைகளுக்கு நடுவே. நான் களுதாவளையில் ஆசிரியர்களை ஏற்றிப் போகிற வான் வண்டியில் ஏறுவேன், செட்டிபாளையத்தில் அவர் ஏறுவார். கதவோரத்து இருக்கை அவருடையது. தெரியாமல் வேறு யாராவது அதில் இருந்துவிட்டால், எழும்பச் சொல்லவும் மாட்டார், உள்ளே போய் இருக்கவும் மாட்டார், படியிலேயே நிற்பார். நான்தான் ஆளை எழுப்பிவிடுவேன். அவருக்குத் தலை சுற்றும், காற்றுப்பட வேண்டும் என்று ஏதாவது சொல்லி வைப்பேன்.

உண்மையான காரணம் எனக்குத் தெரிந்தது மண்முனையில் பாலம் கட்டுவதற்கு முன்பு. அப்போதெல்லாம் வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. ஒரு நாள் காலை பாதை நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்து இரத்தம் கசிந்தது. திரும்பிப் பார்த்தால் நெற்றி, கழுத்து எல்லாம் வியர்வை. நாலு பக்கமும் தண்ணீர், இறங்கி ஓட ஒரு அடி நிலம் இல்லை. பாதை அதன் பாட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. கரை தட்டியதும் அங்கிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது வேறு சேலை கட்டியிருந்தார். பையில் எப்போதும் இன்னொரு சேலை இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. அன்று பின்னேரம்தான் மெல்லச் சொன்னார்.

பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகிற வருத்தம். வயிற்றோட்டம், இரத்தம், சளி, முறுக்கிப் பிடிக்கிற வலி. குழாய் விட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். கொஞ்சக் காலம் அடங்கிக் கிடக்கும், பிறகு ஒரு நாள் கேட்காமல் கொள்ளாமல் வரும். ஏன் வருகிறது என்று ஒருவராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. தொற்றாது. குளிசையை ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அவர் ஒரு வேளை தவறாமல் போட்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கணவனுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டால் காஸ்ரிக், வெறும் வயிற்றெரிவு என்பார்.

அதுதான் வினை. எங்கள் பக்கத்தில் காஸ்ரிக் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், கேட்டவரெல்லாம் வைத்தியம் சொல்கிற பரியாரி. அதிபர் பச்சைமிளகாயை நிற்பாட்டினார். சங்கீத ரீச்சர் பாலை நிற்பாட்டினார். சுவிஸில் இருக்கிற தங்கை வட்சப்பில் கதைத்துக் கோதுமை மாவை நிற்பாட்டினாள், அதோடு பாணும் ரொட்டியும் போயின. இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி, புண்ணைக் கிளப்பும் என்று ஊர்ப் பரியாரி சொன்னார். பருப்பு வாய்வு. அன்னாசி சூடு. இளநீர் குளிர். தேங்காய்ப்பாலைக் கைபேசியில் வந்த ஒரு காணொளி நிற்பாட்டியது. மட்டக்களப்பில் பிறந்த ஒரு மனிசி தேங்காய்ப்பாலை விட்டுவிட்டும் உயிரோடு நடமாடுவதை நான் அவரிடம்தான் கண்டேன். கடைசியில் மிஞ்சியது சோறு, உப்பு, அவித்த பீர்க்கங்காய்.

யார் என்ன சொன்னாலும் விடுவார் என்பது ஒரு பக்கம். விட்டதைத் திரும்ப எடுக்க மாட்டார் என்பதுதான் அவரிடம் என்னால் தாங்க முடியாதது. எங்கள் விளையாட்டு ஆசிரியர், பி.ரி. சேர், ஒரு முறை கதலிப்பழம் கூடாது என்று சொல்லியிருந்தார். சில மாதம் கழித்து அதே சேர் கோயில் பழச்சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார். இவர் கையை நீட்டவில்லை.

"நீங்கதானே சேர் வேணாமெண்டு சொன்ன" என்றார்.

சேர் திகைத்துப் போனார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது தன்னுடைய மாமிக்குச் சளி பிடித்திருந்த நேரம் மாமிக்குச் சொன்னது, இவருக்குச் சொன்னதே இல்லை என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். சரி, இனிக் கதலியாவது திரும்பி வந்துவிடும் என்று நினைத்து, நான் ஒரு பழத்தை உரித்து அவர் கையில் வைத்தேன். மணி அடிக்கும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசலில் நின்ற மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று என் வகுப்புப் பிள்ளைகள் பாவம்.

அவர் படிப்பு இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கும் நாளில் அவருடைய வகுப்புக்கு வெளியே நான் வேண்டுமென்றே நிற்பேன். கலர் சோக்கால் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று கை நடுங்காமல் கீறுவார். பெருங்குடலை மட்டும் இளஞ்சிவப்பில், ஒரு கறை இல்லாமல், பார்க்க ஆசையாகக் கீறுவார். குடல் என்ன செய்கிறது, எது எங்கே அகத்துறிஞ்சப்படுகிறது என்று தெளிவாகச் சொல்வார். அந்தக் குடலுக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை, கிரந்தியும் இல்லை. மணி அடித்ததும் அதை அழித்துவிட்டு வந்து, அன்னாசி வாசம் பட்டாலே வயிறு இரைகிறது என்பார். விஞ்ஞானம் பிள்ளைகளுக்கு, பத்தியம் தனக்கு என்று எந்த இடத்தில் பிரித்துக்கொண்டார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வான் போகிற வழி நெடுகிலும் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவரைச் சொன்னதாக ஆகாது. காலையில் வெறும் வயிறு, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனாலும் அந்த வருத்தம் பொல்லாதது, வெறும் வயிற்றையும் முறுக்கும். அதனால் எந்த வீட்டில் கக்கூசு இருக்கிறது, எது பூட்டாமல் கிடக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டுக்கு முருங்கைக்காய்க் கட்டு, ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பென்சில், இன்னொரு வீட்டு மனிசிக்குச் செட்டிபாளையத்துக் கருவாடு. வானை மறித்து இறங்கிப் போய் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வருவார், தேவை இல்லாத நாளிலும். சும்மா போகும் நாட்கள் இருந்தால்தானே ஓடுகிற நாளில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்? அந்த அப்பாவி மனிசிகள் அவரைத் தங்கள் மேல் உயிரை வைத்திருக்கிற ரீச்சர் என்று நம்பினார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லி மன்றாடுவார்கள். நேரமில்லை மனே, மறுகா வாறன் என்று முதுகைத் தடவிவிட்டு ஓடி வருவார்.

இப்போது எனக்கு வேறு பள்ளிக்கூடம். அவர் சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். போன மாசம் ஒரு செத்தவீட்டுக்காக அந்த வழியால் போனபோது, வேலியோரம் நின்ற ஒருத்தி என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். என்னை விசாரிக்கவில்லை. "அந்த ரீச்சர் எப்பிடி இரிக்காவு? எங்கட வீட்டில ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டா" என்றாள்.

அந்த நாட்களில் வீட்டிலும் இதே மறைப்புத்தான். அவருக்கு ஒரே மகள். கணவனுக்கும் மகளுக்கும் ஒரு அடுப்பில் கறி, தனக்கு மற்ற அடுப்பில் பீர்க்கங்காய். ஆற்று நண்டை முருங்கையிலை போட்டு அவர் வைக்கிற கறிக்கு வாசல் வரை ஆள் வரும். ஆனால் உப்புப் பார்ப்பது மகள். ஏனம்மா நீங்கள் சாப்பிடுவதில்லை என்று அந்தப் பிள்ளை கேட்கத் தொடங்கிய வயதில், அவர் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார். களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி. உனக்கு ஒரு நல்ல இடத்தில் கல்யாணம் சரிவருகிற மட்டும் மீன் மச்சமும் உறைப்பும் வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்திருக்கிறேன் என்றார். பிள்ளை நம்பியது. ஊரும் நம்பியது. நல்ல பக்தியான மனிசி என்று பெயரும் வந்தது. நான்கூட அந்தப் பொய்யின் கெட்டித்தனத்தை மெச்சினேன்.

கிளினிக்குக்கு ஒரு முறை நான் துணைக்குப் போனேன். கல்வித் திணைக்களக் கந்தோருக்குப் போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு இருவரும் போனோம். இளம் டொக்டர், நிதானமாகக் கதைத்தார். சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, நோய் நன்றாக அடங்கியிருக்கிறது, குடல் சுவர் ஆறியிருக்கிறது என்றார். பிறகு இவரைத் தராசில் ஏற்றிப் பார்த்தவர் முகம் சுழித்தார்.

"இப்ப நீங்க மெலியுறது நோயால இல்ல அம்மா, பட்டினியால. உடம்பில இரத்தமே இல்ல. நோய் அடங்கியிருக்கிற நேரம் நீங்க வழமையா எல்லாம் சாப்பிடலாம். ஏதாவது ஒண்டு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாட்டி அதை மட்டும் விடுங்க."

இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் சந்தோஷத்தில் டொக்டருக்கு நன்றி சொல்லி, வெளியே வந்ததும் கடையில் உழுந்து வடை வாங்கிக் கையில் கொடுத்தேன். கைலேஞ்சித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன் என்றார். ஆட்டைத் தேடி வந்தவளின் சொல்லுக்கு வெண்டிக்காயை விட்டவர், டொக்டரின் சொல்லுக்கு ஒரு வடையை எடுக்கவில்லை. விடச் சொன்னால் யாருடைய சொல்லும் அவருக்கு வேதம். சாப்பிடச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

இப்படியிருக்கத்தான் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பெடியன், நீர்ப்பாசனத்தில் வேலை. இரண்டு பேரும் ஏற்கெனவே விரும்பிவிட்டார்கள், பெரியவர்கள் ஒப்புக்கொள்வதுதான் பாக்கி. பெடியன் தங்கமானவன். தாய்தான் பயங்கரம். கெட்டவ என்று சொல்ல முடியாது. சோறு போட்டே ஆளைக் கொன்றுவிடுகிற வகை. ஆனால் பரம்பரை வருத்தம் என்று கேள்விப்பட்டால் பின்வாங்கி விடுவா. மூத்த மகனுக்குப் பேசிய இடத்தில் பெண்ணின் தகப்பனுக்கு வலிப்பு என்று தெரிந்து, நாள் குறித்த பிறகு குழப்பிவிட்டவ. அது அந்தப் பக்கமெல்லாம் தெரிந்த கதை. தன் வருத்தம் வெளியே தெரிந்தால் மகளின் வாழ்க்கை போய்விடும் என்று இவர் உருகினார். பயம் பொய்ப்பயம் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். பெண் போவதில்லை. அங்கே பேச்சு ஒத்துவந்தால் சோற்றில் கை நனைக்க வேண்டும். கை நனைக்காமல் எழும்பினால் விருப்பமில்லை என்று கருத்து. என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் அவரைப் போட்டு உலுப்பினேன். அவர் மட்டும் அமைதியாக இருந்தார். நேர்த்தி இருக்கிறதே, அது அவர்களுக்கும் தெரியும், ஒரு பிடி வெள்ளைச்சோறு தின்றுவிட்டு எழும்பினால் போயிற்று என்றார். அதற்கும் முதல் நாளே வயிற்றைக் காயப் போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்கூட வானையே பிடித்துக்கொண்டு போனோம். அவர், கணவன், கணவனின் தமையன், நான். வீடு வாவிக்கரையோரம். வாசலில் கால் வைக்கும்போதே நண்டுக் கறி மணந்தது. பேச்சு நன்றாகப் போனது. தேத்தண்ணியையும் பலகாரத்தையும் இவர் தொடவில்லை. ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குப் பூரண சம்மதம், வைகாசிக் கோயில் சடங்கு முடிய நாள் பார்ப்போம் என்றா. இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

இவர் நினைத்து வைத்தபடி வெள்ளைச்சோற்றை மட்டும் போடச் சொன்னார். அந்தத் தாய் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தா.

"மகன் எல்லாம் சொன்னவன் மச்சாள். புள்ளைக்குக் கல்யாணம் சரிவரும் மட்டும் எண்டுதானே நேர்த்தி? இப்ப சரிவந்திட்டு. உங்கட நேர்த்திய இண்டைக்கு என்ட கையாலதான் முடிக்கணும்."

சொல்லிக்கொண்டே கையகலத்து நண்டு ஒன்றை எடுத்து இவருடைய சோற்றில் வைத்தா. குழம்பு செக்கச் செவேலென்று சோற்றில் இறங்கியது. பிறகு இறால். பிறகு கத்தரிக்காய்ப் பால்கறி. பரியாரி எடுத்தது, அதிபர் எடுத்தது, காணொளி எடுத்தது எல்லாம் ஒரே தட்டில் வந்து சேர்ந்தன. இவர் என்னைப் பார்த்தார். மிதவையில் என் மணிக்கட்டைப் பிடித்த அன்று பார்த்த அதே முகம். நான் ஏதாவது பொய் சொல்ல வாயெடுத்தேன். எந்தப் பொய்யைச் சொல்வது? இருந்த நல்ல பொய்யை அந்த மனிசி பறித்துக்கொண்டுவிட்டா. கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் நண்டின் காலை ஒடித்து வாயில் வைத்தார்.

முதலில் மருந்து விழுங்குகிற மாதிரித்தான் விழுங்கினார். அடுத்த வாய்க்கு முகம் மாறியது. ஆற்றங்கரையில் வளர்ந்தவருக்கு நண்டு தின்ன யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா? ஓட்டைப் பல்லால் நெரித்து, சதையை நாக்கால் எடுத்து, விரலை உறிஞ்சி, குழம்பை வழித்து, தலை நிமிராமல் தின்றார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. உறைப்பினாலோ எதனாலோ, புறங்கையால் துடைத்துவிட்டு மேலும் தின்றார். சோறு கேட்டு வாங்கினார். கடைசியில் இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்க மச்சாள் என்று அவராகவே கேட்டார். அந்தத் தாய்க்குப் பிடிபடாத சந்தோஷம். இப்படி ஒரு சம்பந்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னா. இத்தனை வருடத்தில் அவர் ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பும்போது வானில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். மடியில் மிச்ச நண்டுக் கறி, வீட்டுக்கென்று கட்டித் தந்தது. இப்போது வரும், இதோ வரும் என்று நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வட்டைகள் போயின, தெரிந்த வீடுகள் வந்தன, எந்த வீட்டிலும் வானை நிற்பாட்டச் சொல்லவில்லை. மெல்ல, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். சொல்லும்போது சிரிப்புக்கூட வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசனையில் இருந்தார்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பாட்டச் சொன்னார். சாரதித் தம்பி கேள்வி கேட்காமல் ஓரம் கட்டினான், அவனுக்குப் பழக்கம். அவர் இறங்கிக் கண்டல் பற்றைக்குப் பின்னால் போனார். வந்துவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் ஓரம் குனிந்து நின்றார். இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டிருந்தார். நண்டு, இறால், சோறு எல்லாம் வெளியே வந்தது. வெறும் நீர் வரும் வரைக்கும் விடவில்லை.

"வயித்தால போகுதா?" என்று கேட்டேன்.

"இல்ல ரீச்சர். வயிறு நல்லாத்தான் இரிக்கி."

"மறுகா ஏன்?"

வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நண்டு ஒண்டும் செய்யல்ல எண்டா நான் இவ்வளவு காலமும் விட்டதெல்லாம் என்னத்துக்கு? விடுறதுக்கு ஒண்டும் இல்லாட்டி, அந்த வருத்தம் திரும்பி வரக்குள்ள நான் என்னத்தச் செய்யிற?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே. டொக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லலாம், குடலின் படத்தைக் கீறிக் காட்டலாம், அவருக்கே தெரிந்ததை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். போத்தலைத் திறந்து கையில் கொடுத்தேன். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, சேலையைச் சரி பார்த்து, இப்ப சரி என்றார். உண்மையாகவே ஆறுதல் அடைந்த முகமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

செட்டிபாளையத்தில் மகள் வாசல் கேற்றடியில் கைபேசியோடு நின்றாள். பெடியன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். வான் நிற்கும் முன்பே கதவைத் திறந்து தாயைக் கட்டிப் பிடித்தாள்.

"அம்மா, மாமிட கையால அவ்வளவு சாப்பிட்டீங்களாமே" என்றாள். அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "உங்கட நேர்த்தி முடிஞ்சிதானே. இனி நாம மூண்டு பேரும் ஒரு சட்டியில சாப்பிடலாம். நாளைக்கு நானே நண்டு வாங்கிறன்."

அவர் கறிப் பார்சலை மகளின் கையில் கொடுத்தார். அவளுடைய நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டார்.

"நீங்க சாப்பிடுங்க மகள். நான் வாற வழியில பாலத்தடியில இறங்கி இன்னொரு நேர்த்தி வச்சிட்டன்."

"ஆருக்கும்மா?"

"உனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு."

பிள்ளை வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். பெரியப்பாக்காரர் கடகடவென்று சிரித்தார், சாரதித் தம்பியும் சேர்ந்து சிரித்தான். கணவர் மட்டும் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். போத்தலில் அவர் வாய் கொப்பளித்த மிச்சத் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. அதை வாசலில் நின்ற செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு நான் வானில் ஏறினேன்.